ஓசி டீயும் சந்தேக வியாதியும்

என் கணவருக்கு வந்திருப்பது ஓசிடி என்று விழுப்புரத்தில் ஒரு சைக்காலஜிஸ்ட் சொன்னார். அதைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து எங்கள் தெருவில் சொன்னபோது அது ஓசி டீ ஆகிவிட்டது. "இன்னாது, ஓசி டீயா? யாரு வாங்கித் தர்றாங்க?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்து, சிரிப்பு தாங்காமல் குடத்தைக் கீழே வைத்தாள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குள் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் விளக்கம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அந்த வியாதிக்கு மட்டும் இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

அவருடைய வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் குட்டியானை ஓட்டுகிறார், அதாவது சின்ன லோடு வண்டி. திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்து எண்ணெய் மில்லுக்குப் போவார். அங்கிருந்து புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு திரும்புவார். நாலு வழிச் சாலை. எவ்வளவு மெதுவாக உருட்டினாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இவருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஏனென்றால் வண்டி எங்கே லேசாகத் தூக்கிப் போட்டாலும் யார் மேலேயோ ஏற்றிவிட்டோம் என்று இவருக்குத் தோன்றிவிடும். அடுத்த திருப்பம் வரை போய், வண்டியைத் திருப்பி, வந்த வழியே போய், அந்த இடத்தில் இறங்கிப் பள்ளத்தில் எட்டிப் பார்ப்பார். செடியை விலக்கிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். திரும்ப வண்டியில் ஏறி நூறு அடி போனதும், "சரியாப் பாத்தமா?" என்று ஆரம்பிக்கும். மறுபடியும் திருப்புவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு சாக்கு மூட்டையின் மேல் வண்டி ஏறிவிட்டது. மனுஷன் என்று நினைத்து நடுங்கிக்கொண்டே இறங்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே வெறும் மல்லாட்டைத் தோல். அன்று வீட்டுக்கு வந்து, "நல்ல வேளை, திரும்பிப் பாத்தேன்" என்று பத்துப் பன்னிரண்டு முறை சொன்னார். பார்த்ததும் கிடைத்த நிம்மதி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பிறகு அந்த நிம்மதிக்காகவே பார்க்க ஆரம்பித்தார். வண்டியின் முன்னால் போனை மாட்டி ரோட்டைப் படம் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். ஒரே ரோட்டை நாளுக்கு நான்கு முறை ஓட்டிய டிரைவர் இந்தத் தாலுக்காவில் வேறு யாரும் இருக்க முடியாது.

பார்த்தும் தீராதபோது எனக்குப் போன் செய்வார். நான் அப்போது திண்டிவனத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்த்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் என்று எதிரில் வரிசை நிற்கும். போன் அடிக்கும்.

"கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்சம் தூக்கிச்சு. யார் மேலனா ஏத்திட்டேனா?"

"இல்லங்க."

"நெஜமா சொல்றியா?"

"நெஜமா யாரும் அடிபடலங்க. நீங்க போங்க."

இருபது கிலோமீட்டர் தள்ளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சொன்னால் நம்பினார். தன் கண்ணை நம்ப மாட்டார், கண்ணாடியை நம்ப மாட்டார், எடுத்த படத்தை நம்ப மாட்டார், என் "இல்ல"யை மட்டும் கொஞ்ச நேரமாவது நம்பினார். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உலகத்தில் எதையும் நம்பாத ஒரு மனிதர் என் ஒருத்தி பேச்சை நம்புகிறார் என்றால் எந்தப் பெண்சாதிக்குத்தான் பெருமையாக இருக்காது?

அவருடைய அம்மா, என் அத்தை, வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டினார். வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே வேப்பிலை செருகினார். கடைசியில் மில்லிலிருந்து, லோடு நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விழுப்புரத்துக்குப் போனோம்.

பதற்றத்துக்கும் இப்படித் திரும்பத் திரும்ப வருகிற எண்ணங்களுக்கும் மட்டுமே பார்க்கிற அந்த சைக்காலஜிஸ்டிடம் தெரிந்தவர்கள் எங்களை அனுப்பினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வந்து, ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் மாடியில் உட்காருவார். என்னைவிடச் சின்னப் பெண். நாங்கள் டாக்டர் என்று கூப்பிட்டோம். தான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுத மாட்டேன் என்று இரண்டு முறை திருத்தினார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

என் கணவர் பேசுவதை முழுதாகக் கேட்டுக்கொண்டு, அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'இல்ல'ன்னு சொல்றீங்க?"

"நூறு இருக்கும்" என்றேன், பாராட்டு வரும் என்ற நினைப்பில்.

"அந்த ஒவ்வொரு 'இல்ல'யும் இந்த வியாதிக்குத் தீனி. நீங்க சொல்றவரைக்கும் அது அடங்காது."

எனக்கு முகம் சுட்டது. ஆறு வருடமாக ஒரு மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததாக நினைத்திருந்தேன். தீனி போட்டு வளர்த்திருக்கிறேனாம். சண்டை பிடிக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பெண் சொன்னது சரியாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவருக்கு இரண்டு கட்டளை. வண்டியைத் திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. எனக்கு ஒரே ஒரு கட்டளை. அவர் சந்தேகம் கேட்டால் "இல்ல" என்று சொல்லவே கூடாது. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் கொடுத்தார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." இதை மட்டும் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்க வேண்டும். உறுதி கிடைக்காமலே இருந்து பழகினால்தான் மனசு அடங்கும் என்றார்.

"எந்தக் கேள்விக்குமா?" என்று கேட்டேன்.

"சந்தேகத்துல வர்ற எந்தக் கேள்விக்கும்."

கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டேன். ஓசிடி என்று சொல்லுங்கள் என்றார். அப்படி என்றால் என்ன என்று கேட்பார்களே என்றேன். அவர் அடுத்த ஆளின் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, "சிம்பிளா சொன்னா, சந்தேக வியாதி" என்றார்.

தெருக்குழாயில் ஓசி டீக்குச் சிரித்த எதிர்வீட்டுக்காரியிடம் நான் சொன்ன விளக்கம் அதுதான். "சிரிக்காதக்கா. அவருக்கு சந்தேக வியாதி. டாக்டரே சொல்லிட்டாங்க" என்றேன். நாலு பேருக்குக் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னேன். சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். புரிந்துவிட்டது என்று நினைத்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என்ன புரிந்தது என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. கல்யாணமான ஆம்பிளைக்குச் சந்தேகம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்சாதி மேல் சந்தேகம். அதில் ரோடு கிடையாது, பள்ளம் கிடையாது, சாக்கு மூட்டை கிடையாது. புருஷன் நாள் முழுக்கப் போன் போட்டு அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கிறான், பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்க்கிறான், டாக்டரிடம் போகிற அளவுக்கு முற்றிவிட்டது. எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். நானே வெளி ஆளாக இருந்தால் நம்பியிருப்பேன்.

வியாதி அவருக்கு. விசாரணை எனக்கு. சந்தேகப்படுகிறான் என்றால் யாரோடு என்ற கேள்வி வரும் அல்லவா? அதற்கும் ஆள் தேடிவிட்டார்கள். இ-சேவை மையத்தின் முதலாளி. இரண்டு பேரப்பிள்ளைகள் எடுத்தவர். மதியம் சாப்பிட்டால் பிரிண்டர் சத்தத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார். சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரையும் மூக்குப்பொடியும் இருக்கும். என் ஒழுக்கத்தைப் பற்றி ஊர் நினைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். என் ரசனையைப் பற்றி நினைத்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இது ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான் சிகிச்சையும் ஓடியது. ஒரு நாள் அந்தப் பெண் எங்களோடு வண்டியிலேயே வந்தார். விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி டோல்கேட் வரை. குட்டியானையின் முன்சீட்டில் மூன்று பேர். நான் நடுவில், என் முழங்காலில் கியர் இடித்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே குண்டும் குழியுமான சர்வீஸ் ரோட்டில் ஓட்டச் சொன்னார். ஒரு பள்ளத்தில் வண்டி நன்றாகத் தூக்கிப் போட்டது. என் கணவரின் கண் பின்கண்ணாடிக்குப் போனது.

"இப்ப பதட்டம் பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"பன்னெண்டு" என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பாமல், "யாருனா உழுந்துட்டாங்களா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "இல்ல" என்பது நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கூட்டத்தில் அவர் கையை விட்டுவிட்டது போல எனக்கு இருந்தது. வேர்த்துக் கொட்டி, கண்ணில் தண்ணீரோடு அவர் ஓட்டினார். திருப்பம் வந்தது. திருப்பவில்லை. அடுத்த திருப்பமும் வந்தது. டோல்கேட்டில் ஓரமாக நிறுத்திய பிறகு மறுபடி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது, "அஞ்சு" என்றார். அந்தப் பெண் கை தட்டினார். நான் அழுதேன். வைத்தியம் நிஜமான வைத்தியம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தால் என் கணவரின் தாய்மாமன் பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தைதான் போன் போட்டு வரவழைத்திருந்தார். மாமன் என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரைப் பார்த்து, "ஆம்பள ஒரு காரணம் இல்லாம சந்தேகப்படுவானா? அது வேலைக்குப் போய்க்கினு இருக்குறத நிறுத்து. உனுக்கு எல்லாம் தன்னால சரியாப் பூடும்" என்றார்.

"மாமா, இது மேல எனக்கு இன்னா சந்தேகம்? எனக்கு ரோட்டு மேலதான்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"ரோட்டு மேல எவன்டா சந்தேகப்படுவான்?" என்று மாமன் சிரித்தார். அத்தையும் சிரித்தார்.

நான் இவரைப் பார்த்தேன். சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பள்ளத்தில் இறங்கிப் பார்த்ததை, செடியை விலக்கியதை, படத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டியதை, இன்று சர்வீஸ் ரோட்டில் அழுததைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். அவர் தலை குனிந்துகொண்டார். "சரி மாமா, பாக்குறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்சாதியைச் சந்தேகப்படுகிறவன் பைத்தியம் இல்லை, ஆம்பிளை. ரோட்டோரம் இறங்கி இல்லாத பிணத்தைத் தேடுகிறவன்தான் பைத்தியம். இரண்டு வியாதியில் கௌரவமான வியாதி எதுவோ அதை அவர் எடுத்துக்கொண்டார். அதற்கான கூலியை நான் கொடுத்தேன். "ஏங்க சொல்லல?" என்று பிறகு சண்டை போட்டேன். "சிரிப்பாங்க" என்றார். என்னைப் பற்றிச் சிரிக்கவில்லை, காறித் துப்புகிறார்கள் என்று சொன்னேன்.

நான் வேலையை விடவில்லை. வேலைதான் என்னை விட்டது. மாமன் வந்துபோன ஒரு வாரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு மாசம் வூட்ல இரும்மா. எம் பொண்டாட்டி வேற ஒரு மாதிரி கேட்டுக்கினு இருக்கா. இந்த வயசுல எனக்கு இது பேஜாரு" என்றார். பாவம், பயந்திருந்தார். எட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து என் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். காணையில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "நீ ஒண்ணும் பண்ணலல்ல?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த முறை விழுப்புரம் போனபோது அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். "வேற வார்த்தையே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஸாரிக்கா. நான் அப்படி யோசிக்கவே இல்ல. எண்ணச் சுழற்சி நோய்னு ஒரு பேர் இருக்கு, அதைச் சொல்லியிருக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் எடுத்துச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். டாக்டரே வீடு தேடி வருகிற அளவுக்கு முற்றிவிட்டது என்று ஊர் சொல்லும், வேண்டாம் என்றேன். அவர் தன் நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். இனிமேல் வருகிற யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார். என் பெயர் போனதில் அவர் நோட்டில் ஒரு திருத்தம் வந்தது.

இதைவிடக் கசப்பான ஒன்று பாக்கி இருந்தது. அவருக்குக் குணமாகிவிட்டது. வேலை போய் நான் வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது மாதம், அவர் ஒரு தடவைகூடத் திருப்பாமல் ஐம்பது நிமிடத்தில் விழுப்புரம் போனார். போன் வருவது நின்றது. படம் எடுப்பது நின்றது. முகம் தெளிந்தது. இரண்டு மாதம் முழுக்க வேர்வையோடும் நடுக்கத்தோடும் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன், அந்தப் பெண் பார்த்தார். தெரு பார்த்தது வேறு. "அது வேலைய வுட்டுச்சு, இவுனுக்கு சரியாப் பூட்ச்சி. நான் அன்னிக்கே சொல்லல?" என்று மாமன் போனில் அத்தையிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவர் தேறத் தேற நான் குற்றவாளியானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தை பிரம்மதேசத்துக்குப் போயிருந்தார். அவருக்குக் கேப்பைக் களியும் மீன் குழம்பும் போட்டேன். அவர் களியைக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "அந்த சென்டர்காரரு விஷயம்... அதுல ஒண்ணும் இல்லல்ல?" என்றார்.

கரண்டி என் கையில் இருந்தது. ஆறு வருடம் எதை எதையோ சந்தேகப்பட்டவர் என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. ஊர் சொன்னது எப்படியோ உள்ளே போய்விட்டது. இது வியாதி கேட்கிறதா, புருஷன் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வியாதி என்றால் நான் "இல்ல" என்று சொல்லக் கூடாது. சொன்னால் நாளைக்கும் கேட்பார், நாளன்றைக்கும் கேட்பார், பிறகு ரோடு திரும்ப வரும், பள்ளம் திரும்ப வரும். புருஷன் என்றால் "இல்ல" என்று அலறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டியாலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் மேல் கேட்டுவிட்டாரே என்ற ஆத்திரம் வேறு. சிகிச்சைக்காகச் சொன்னேனா, ஆத்திரத்தில் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றேன்.

அவர் கை தட்டில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "குழம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

கடைசியாக விழுப்புரம் போனபோது அந்தப் பெண் என்னிடம், "இப்ப ஏதாவது திருப்பித் திருப்பிக் கேக்கறாரா?" என்றார்.

"இல்லைங்க. ஒரு தடவ கேட்டாரு. அப்புறம் கேக்கவே இல்ல."

"சூப்பர்க்கா. அதுதான் நமக்கு வேணும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன கேட்டார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது அவர் நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருகிறார். என்னிடம் கோபம் இல்லை, குத்தல் இல்லை. நன்றாகத்தான் பேசுகிறார். அந்தப் பதிலை அவர் மருந்தாக எடுத்துக்கொண்டாரா, வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானாகப் போய் எடுத்துச் சொல்லலாம் என்று பலமுறை வாய் வரை வந்துவிட்டது. கேட்காதபோது போய்ச் சொன்னால் அதுவே சந்தேகமாகிவிடும். ஒரு நாளைக்கு நூறு "இல்ல" சொன்னவள் நான். பாக்கி இருக்கிற அந்த ஒரு "இல்ல"யை அவர் இன்னொரு முறை கேட்டால்தான் சொல்ல முடியும். அவர் கேட்க மாட்டார். அவருக்குக் குணமாகிவிட்டது.